ராமேஸ்வரத்து வெயிலில் வளர்ந்த பாசி கேத்திப் பனியைத் தாங்க வைக்குமா?

கேத்தி_கேரட் | ஜனவரி 8, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வரை நீர்ப்பனிதான் இருந்தது. நேற்று ராத்திரி எங்கள் நீலகிரி கேத்திப் பள்ளத்தில் உறைபனியே விழுந்துவிட்டது. விடிந்து பார்த்தால் ஓரத்து நாலு பாத்தியிலும் கேரட் தழை மேல் உப்பு தூவியது போல் வெள்ளை. வெயில் ஏறி பத்து மணிக்குள் தழை நுனி கருகிப் போனது.

உரக்கடையில் கேட்டதற்கு, கடல்பாசித் திரவம் ஒரு லிட்டர் எடுத்துக் கொடுத்து, 'இதை அடி, பயிர் குளிர் தாங்கும்' என்றார்கள். வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்று இடிக்கிறது. பாசி வளர்ப்பதெல்லாம் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம். அந்தக் கடலில் குளிர் ஏது? குளிரையே பார்க்காத பாசி என் கேரட்டுக்கு எப்படிக் குளிர் தாங்கக் கற்றுக்கொடுக்கும்? முதலில் இந்தக் கடல்பாசி சூட்டையும் குளிரையும் எப்படிச் சமாளிக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகசாமி | ஜனவரி 8, இரவு 10:02

வாங்குவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி அண்ணே.

மண்டபத்து_மருமகள் | ஜனவரி 8, இரவு 10:31

அண்ணா, நான் பிறந்தது மண்டபம் பக்கம், வாழ்க்கைப்பட்டது குன்னூர். அம்மா இன்றைக்கும் பாசிதான் வளர்க்கிறார். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மிதவையில் கட்டுவது கப்பாஃபைகஸ் என்ற பாசி. பத்தடிக்குப் பத்தடி மூங்கில் மிதவை, அதில் இருபது கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் கைப்பிடிக் கைப்பிடியாகத் துண்டுப் பாசி. மிதவைக்கு அறுபது கிலோ துண்டுப் பாசி கட்டினால் 45 நாளில் மூன்று, நான்கு மடங்காகும். இது நம் கடல் பாசி இல்லை, பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். நம் கடலில் தானாக விளைவது கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை. இந்தக் கப்பாஃபைகஸுக்கு 25 முதல் 30 டிகிரித் தண்ணீர் இருந்தால் கொண்டாட்டம். ஏப்ரல், மே வந்து காற்று நின்று கடல் எண்ணெய் போலக் கிடந்தால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். தண்ணீர் 32ஐத் தாண்டினால் கிளையின் நடுவில் ஒரு இடம் வெளுக்கும். அப்புறம் அந்த இடம் கொழகொழவென்று ஆகி, மேலே இருக்கும் நல்ல பாகமும் ஒடிந்து கடலோடு போய்விடும். ஐஸ்-ஐஸ் நோய் என்பார்கள். பெயரில் ஐஸ் இருந்தாலும் வருவது பெரும்பாலும் சூட்டில்தான்.

குளிரில் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பையன் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று ஒரு பக்கெட் கடல் தண்ணீரில் கொஞ்சம் பாசி போட்டு, மூடி கட்டி, பஸ் மாறி மாறிக் குன்னூருக்குக் கொண்டுவந்தேன். டிசம்பர் மாதம். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் நிறம் மங்கியது. மூன்றாம் நாள் காலை கையில் எடுத்தால் வேகவைத்த சேமியா போல் நழுவியது. கண்காட்சிக்குப் போனது காலி பக்கெட்தான்.

கொடை_டீச்சர் | ஜனவரி 9, காலை 6:15

கேத்தித் தம்பி, நல்ல கேள்வி கேட்டீர்கள். தாவரவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இதற்குப் பதில் உங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியிலேயே இருக்கிறது.

நம் மலையில் தேங்காய் எண்ணெயை யாராவது ஊற்றியிருக்கிறோமா? ஸ்பூனால் சுரண்டுகிறோம், இல்லை அடுப்போரம் வைத்து உருக்குகிறோம். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது கட்டியாகிவிடும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் பாட்டில் இருக்கும், அது பாட்டுக்கு ஓடும். இரண்டும் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதன் சங்கிலிகள் நேர் நேராக நிற்பதால் குளிரில் விறகுக் கட்டு போல நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதது. அந்தச் சங்கிலியில் அங்கங்கே ஒரு வளைவு இருக்கிறது. கோணல் விறகை நெருக்கி அடுக்க முடியுமா? அதனால் உறையாமல் இளகியே இருக்கிறது.

பாசியின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும், செல்லுக்கு உள்ளேயும் கொழுப்பாலான மெல்லிய சவ்வுகள் உண்டு. சத்து உள்ளே வருவதும் கழிவு வெளியே போவதும், ஒளிச்சேர்க்கையில் பாதி வேலையும் சவ்வில்தான் நடக்கின்றன. அது தேங்காய் எண்ணெய் போல இறுகினாலும் வேலை நின்றுவிடும், சூட்டில் தண்ணீராய் இளகினாலும் ஒழுகும். குளிரும் பருவம் வரும்போது பல கடல்பாசிகள் சவ்வில் வளைந்த கொழுப்பின் பங்கைக் கூட்டுகின்றன, சூடேறினால் குறைக்கின்றன. தேங்காய் எண்ணெயை நல்லெண்ணெயாக மாற்றிக்கொள்கிற வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நாட்கணக்கில் அவகாசம் வேண்டும். குன்னூர் மருமகளின் பக்கெட்டுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் கப்பாஃபைகஸால் அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்க முடியாது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனாலே அது திணறும்.

அடுத்தது நொதிகள், செல்லுக்குள் வேதி வேலைகளை ஓட்டும் புரதங்கள். குளிரில் நொதி மெதுவாக ஓடும், அது வேதியியல் விதி, பாசியால் மாற்ற முடியாது. ஆனால் ஆள் மெதுவாக வேலை செய்தால் ஆளைக் கூட்டலாமே! சாக்கரினா என்று வட அட்லாண்டிக்கில் வளரும் ஒரு பழுப்புப் பாசி அதைத்தான் செய்கிறது. குளிர்ந்த நீரில் வளர்த்தால், கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியை அது அதிகமாகச் செய்து வைத்துக்கொள்கிறது. அதனால் 5 டிகிரியில் பழகிய பாசியும் 15 டிகிரியில் பழகிய பாசியும், அதனதன் தண்ணீரில், கிட்டத்தட்ட ஒரே அளவு உணவு தயாரித்துவிடுகின்றன.

சூடு திடீரென்று ஏறினால் செய்வது வேறு. செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் முட்டை வெந்தது போலக் குலையத் தொடங்கும். அப்போது வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று ஒரு கூட்டம் ஓடிவந்து, குலைந்ததைப் பிடித்து மறுபடி மடித்து வைக்கும். நிமிடங்களில், மணி நேரத்தில் நடக்கிற முதலுதவி அது. அதற்கும் பாசிதான் சக்தி செலவழிக்கவேண்டும், அதனால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்காது.

தேயிலைத்_தம்பி | ஜனவரி 9, காலை 8:20

டீச்சர், விறகுக் கட்டு உவமை மண்டையில் ஏறிவிட்டது. ஒரு சந்தேகம். எங்கள் கோத்தகிரித் தோட்டத்தில் உறைபனியை விட, அதற்கு அப்புறம் அடிக்கும் பளீர் வெயில்தான் தேயிலையைக் கருக்கும் என்று அப்பா சொல்வார். நிழல் மரத்தடியில் இருக்கும் செடி தப்பிக்கும். பாசிக்கும் இப்படி உண்டா?

கொடை_டீச்சர் | ஜனவரி 9, காலை 8:55

அப்பா சொன்னது சரி. குளிரில் நொதி வேலை மெதுவாகிறது, ஆனால் வெயில் மெதுவாவதில்லை. இலை பிடிக்கும் வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல், அது திரும்பி இலையையே சுடுகிறது. பாசிக்கும் இதே கதிதான். அதிலும் கரையோரப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசிக்கு, கடல் உள்வாங்கும்போது குளிர்ந்த காற்றும் வெயிலும் சேர்ந்து கிடைக்கும். மிஞ்சுகிற வெளிச்சத்தைச் சூடாக மாற்றி வெளியேற்றும் நிறமிகள் இதற்காகவே பல பாசிகளில் இருக்கின்றன.

சொல்லும்போது ஞாபகம் வருகிறது. சோலை மரத்துப் பட்டையிலும் ஈரச் சுவரிலும் செங்காவி பூசியது போல் ஒன்று படர்ந்திருக்குமே, அது பூஞ்சை இல்லை. ட்ரென்டிபோலியா என்ற பாசி, கடலில் இருக்கும் உல்வா என்ற பச்சைப் பாசிக்கு உறவுமுறை. பச்சை வகையாக இருந்தும் ஆரஞ்சாகத் தெரிவதற்கு கேரட்டில் இருக்கும் அதே கரோட்டின் குடும்ப நிறமிதான் காரணம். 2001ல் கேரளத்தில் சிவப்பு மழை பெய்ததே, ஆராய்ந்தபோது அதில் இருந்ததும் இதன் வித்துகள்தான்.

சந்தேகசாமி | ஜனவரி 9, காலை 9:30

எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பக்கெட் பாசி செத்தது குளிரால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மூடி கட்டிய பக்கெட், அலை இல்லை, வெளிச்சம் இல்லை, மூன்று நாள் மாற்றாத தண்ணீர். மண்டபத்திலேயே அப்படி வைத்திருந்தாலும் செத்திருக்கும். அங்கேயும் ஒரு பக்கெட் வைத்துப் பார்த்திருந்தால்தான் பேசமுடியும்.

மண்டபத்து_மருமகள் | ஜனவரி 9, காலை 10:05

நியாயம்தான் சாமி. அடுத்த முறை ஊருக்குப் போனால் அங்கே ஒரு பக்கெட் வைக்கச் சொல்கிறேன். அம்மா திட்டுவார், பாசியை வீணாக்குகிறாள் என்று.

கொடை_டீச்சர் | ஜனவரி 9, காலை 11:40

ஒப்புக்கொள்கிறேன், அவசரப்பட்டுவிட்டேன். வகுப்பில் இதைப் பையன்கள் செய்திருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

சரி, இன்னொரு வித்தை பாக்கி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. சில பாசிகள் பருவத்தோடு மல்லுக்கட்டுவதே இல்லை, உருவத்தையே மாற்றிக்கொண்டு ஒளிந்துகொள்கின்றன. ஜப்பான்காரர்கள் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரி அப்படிப்பட்டது. குளிர்காலத்தில் மெல்லிய தாள் போல இலையாக வளரும். வசந்தம் போய்க் கோடை வந்தால் காணாமல் போய்விடும். இலையுதிர் காலத்தில் மறுபடி எங்கிருந்தோ வரும். எங்கிருந்து என்று பல நூறு வருஷமாக வளர்த்தவர்களுக்கே தெரியாது. கடலில் குச்சி நட்டு வைப்பார்கள், வந்து ஒட்டினால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற அம்மையார் இதே குடும்பத்துப் பாசி ஒன்றைச் சிப்பி ஓட்டோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார். பாசியின் வித்து ஓட்டைத் துளைத்து உள்ளே போய், இளஞ்சிவப்பு நூலாகப் படர்ந்தது. அந்த நூலை ஏற்கெனவே வேறொரு பாசி என்று நினைத்துக் கான்கோசீலிஸ் என்று தனிப்பெயர் வைத்திருந்தார்கள்! இரண்டும் ஒன்றுதான் என்று 1949ல் அவர் எழுதினார். கோடையெல்லாம் ஓட்டுக்குள் நூலாக இருந்துவிட்டு, தண்ணீர் 23 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து பகலும் குறையும்போது வித்துகளை வெளியே விடுகிறது. இது தெரிந்த பிறகு ஜப்பானியர்கள் தொட்டியில் சிப்பி ஓட்டை வைத்தே விதை தயாரிக்கத் தொடங்கினார்கள். அவர் ஜப்பானுக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. ஆனாலும் குமாமோட்டோ பக்கம் உட்டோ என்ற ஊரில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்து, வருஷா வருஷம் ஏப்ரல் 14ல் மரியாதை செய்கிறார்கள்.

உறைகுளிருக்கும் அவர்களிடம் ஒரு பாடம் உண்டு. இளம் நோரி ஒட்டிய வலையை அரை வத்தல் பதத்துக்கு உலர்த்தி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் கிடங்கில் போட்டு வைப்பார்கள். வேண்டும்போது எடுத்துக் கடலில் கட்டினால் மறுபடி வளரும். கரையோரப் பாறைப் பாசிக்கு உலர்ந்து போவது தினசரிப் பழக்கம். உலர்வதைத் தாங்கினால் உறைவதையும் ஓரளவு தாங்கலாம், ஏனென்றால் இரண்டிலும் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறுவதுதான் நடக்கிறது. செல்லுக்கு உள்ளே பனிக்கட்டி விளைந்தால்தான் அது ஊசியாய்க் குத்திக் கிழிக்கும். கேத்தித் தம்பியின் கேரட் தழை அப்படிக் கிழிந்திருக்கலாம், இல்லை செல்லுக்கு வெளியே விளைந்த பனிக்கட்டி தண்ணீரை இழுத்ததில் செல் வற்றிச் செத்திருக்கலாம்.

பூம்பாறை_பூண்டு | ஜனவரி 9, மதியம் 2:10

இவ்வளவு வித்தை வைத்திருக்கும் பாசிக்கு மண்டபத்தில் மட்டும் ஏன் இரண்டு டிகிரி ஏறினால் ஆகாமல் போகிறது? இரண்டு டிகிரி எல்லாம் ஒரு விஷயமா? எங்கள் ஊரில் காலைக்கும் மதியத்துக்குமே பதினைந்து டிகிரி வித்தியாசம் வரும், பூண்டு கண்டுகொள்வதில்லை.

கொடை_டீச்சர் | ஜனவரி 9, மதியம் 3:00

பழக்கம்தான் காரணம். வருஷம் முழுக்க 5 முதல் 20 டிகிரி வரை பார்க்கும் கடலில் இருக்கிற பாசிக்கு நடுவில் நிறைய இடம் இருக்கிறது. மண்டபம் கடலில் அந்த இடைவெளி சின்னது. அதோடு, வெப்ப நாட்டுப் பாசி பெரும்பாலும் தன்னால் தாங்க முடிகிற உச்சத்துக்கு ரொம்பப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் இரண்டு விரல்தான்.

குளிர் கடல் பாசி மட்டும் தப்பித்தது என்றும் இல்லை. அதன் சுவர் வேறு இடத்தில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011ல் கடல் வெப்ப அலை வந்தபோது எக்லோனியா என்ற பெரிய பழுப்புப் பாசிக் காடு, வடக்கு எல்லையில் சுமார் நூறு கிலோமீட்டருக்கு அழிந்தது. கடல் ஆறிய பிறகும் அந்த இடத்தில் காடு திரும்பி வரவில்லை, குட்டைப் பாசிகளும் மீன்களும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்னொன்று, சூடான மேல் தண்ணீரில் நைட்ரஜன் சத்தும் குறைவு, அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்தால்தான் சத்து வரும். ஆக, சூட்டோடு பட்டினியும் சேர்ந்து வருகிறது. அந்த நேரத்தில் முதலுதவிப் புரதம் செய்ய வீட்டில் அரிசி ஏது?

மண்டபத்து_மருமகள் | ஜனவரி 9, மாலை 6:45

நூறு கிலோமீட்டர் என்று படித்ததும் எனக்கு 2013 ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் அந்த வாக்கில்தான் மிதவை மிதவையாகப் பாசி செத்தது. அதற்கு முந்தின வருஷங்களில் நல்ல காசு பார்த்தவர்கள் மூங்கிலைக் கரையில் அடுக்கிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அம்மா நாலு மிதவையை மட்டும் விடாமல் வைத்திருந்தார். ஏன் எல்லோருடையதும் ஒரே நேரத்தில் போனது, ஒன்றாவது தாங்கியிருக்கக் கூடாதா என்று அப்போது நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் புரிந்தது. கப்பாஃபைகஸை நாங்கள் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. அறுத்ததில் கொஞ்சம் ஒடித்து மறுபடி கயிற்றில் கட்டுவோம். 1980களில் ஆராய்ச்சிக்கென்று கொண்டுவந்த கொஞ்சம் பாசியிலிருந்து ஒடித்து ஒடித்துத்தான் எங்கள் கடல் முழுக்க வந்தது. ஆயிரம் மிதவை இருந்தாலும் அது ஒரே செடிதான். ஒன்றுக்கு ஆகாத சூடு எல்லாவற்றுக்கும் ஆகாது.

பூம்பாறை_பூண்டு | ஜனவரி 9, இரவு 7:20

அம்மாடி, அது எங்கள் கதை! மலைப்பூண்டும் பல்லை நட்டுப் பல்லை எடுப்பதுதான். பூ, விதை என்று எதுவும் இல்லை. தாத்தா நட்ட பூண்டைத்தான் நானும் நடுகிறேன். புவிசார் குறியீடு வாங்கியதில் பெருமைதான், ஆனால் இதைப் படித்த பிறகு வயிற்றைக் கலக்குகிறது.

கொடை_டீச்சர் | ஜனவரி 9, இரவு 8:00

பயப்படவும் வேண்டும், முழுசாகப் பயப்படவும் வேண்டாம். நான் காலையில் சொன்ன கொழுப்பை மாற்றுவது, நொதியைக் கூட்டுவது எல்லாம் ஒரே செடி தன் ஆயுளுக்குள் செய்துகொள்வது. அது பழகுதல். எவ்வளவு தூரம் பழகலாம் என்ற எல்லை பிறவியில் வருவது. அந்த எல்லையை நகர்த்த வேண்டுமானால் கலப்பு நடந்து, பிள்ளைகளில் சிலது கூடுதல் சூடு தாங்கி, மற்றது சாகவேண்டும். எக்டோகார்பஸ் என்ற பொடிப் பாசியை வெவ்வேறு கடலிலிருந்து எடுத்து ஒரே ஆய்வுக்கூடத்தில் வளர்த்தபோது, குளிர் கடலிலிருந்து வந்தது குளிரிலும் சூடான கடலிலிருந்து வந்தது சூட்டிலும் நன்றாக வளர்ந்தது. பெயர் ஒன்று, பிறவி எல்லை வேறு வேறு. ஒடித்து நடும் பயிருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது, வேறு ஊரிலிருந்து வேறு ரகம் கொண்டுவந்தால்தான் உண்டு.

கேத்தி_கேரட் | ஜனவரி 9, இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் 'ஆஸ்கோஃபில்லம் நோடோசம் சாறு' என்று இருக்கிறது. கப்பாஃபைகஸ் இல்லை. இது எந்த ஊர்ப் பாசி?

சந்தேகசாமி | ஜனவரி 9, இரவு 9:18

இரண்டு நாளாக ராமேஸ்வரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்!

கொடை_டீச்சர் | ஜனவரி 10, காலை 6:05

சிரித்துவிட்டேன் தம்பி. உங்கள் பாட்டிலில் இருப்பது வட அட்லாண்டிக்காரன். கனடா, ஐஸ்லாந்து, அயர்லாந்து, நார்வே கரைகளில் பாறையில் ஒட்டி வளர்வது. குளிர்காலத்தில் கடல் இறங்கினால் மேலே பனிக்கட்டி படியும், ஏறினால் கரையும், அது பாட்டுக்கு இருக்கும். கிளையில் வருஷத்துக்கு ஒரு காற்றுப் பை வீதம் விடுவதால் பையை எண்ணி வயசை ஏறக்குறையச் சொல்லலாம்.

ஆனால் அதன் குளிர் தாங்கும் வித்தை பாட்டிலில் இல்லை. அந்தச் சவ்வும் நொதியும் உயிரோடு இருக்கும் பாசியில்தான் வேலை செய்யும். சாறு எடுப்பதற்குப் பெரும்பாலும் காரம் சேர்த்துக் காய்ச்சிவிடுகிறார்கள். மிஞ்சுவது சர்க்கரைப் பொருள்கள், பொட்டாசியம் போன்ற உப்புகள், இன்னும் சில. அவை பயிரைத் தூண்டி, பயிரே தன் தற்காப்பைக் கொஞ்சம் முன்கூட்டித் தொடங்க வைக்கலாம். அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியில் இந்தச் சாறு உறைகுளிர் தாங்கும் சக்தியைக் கூட்டியதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அது ஆய்வுக்கூடம், உங்களுடையது கேத்திப் பள்ளம். பனி விழுந்த பிறகு அடித்துப் பயனில்லை. கருகிய தழை திரும்பாது. அடிப்பதானால் முன்கூட்டியே அடியுங்கள், பாதிப் பாத்திக்கு மட்டும் அடியுங்கள். இல்லாவிட்டால் சந்தேகசாமி விடமாட்டார்.

சந்தேகசாமி | ஜனவரி 10, காலை 7:00

விடமாட்டேன். அடிக்காத பாதியும் அதே பள்ளத்தில் இருக்கட்டும். குளிர்ந்த காற்று கனம், தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும். மேட்டில் அடித்துவிட்டுப் பள்ளத்தில் விட்டால், மருந்து ஜெயித்தது போலத் தெரியும்.

தேயிலைத்_தம்பி | ஜனவரி 10, காலை 7:25

பாட்டிலை நம்பி இருக்காதீர்கள் அண்ணே. சாயங்காலமே மண் நனையத் தண்ணீர் விடுங்கள், ஈர மண் ராத்திரி சூட்டைப் பிடித்து வைக்கும். நாற்று மேல் தாகைப் பெரணியை வெட்டிப் பரப்புங்கள். நாங்கள் இளம் தேயிலைக்கு அதைத்தான் செய்கிறோம்.

கேத்தி_கேரட் | ஜனவரி 11, காலை 7:10

நேற்று மாலை தண்ணீர் விட்டேன். பள்ளத்தில் எட்டுப் பாத்தி, ஒன்றுவிட்டு ஒன்று அடித்தேன், குச்சியில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். எது அடித்தது என்று வீட்டுக்காரிக்குச் சொல்லவில்லை. கருகலை எண்ணப்போவது அவள்தான்.

டீச்சர் சொன்னதைச் சோதிக்க, அந்த இரண்டு எண்ணெயோடு கடலை எண்ணெயும் சேர்த்து மூன்று பாட்டிலை ராத்திரி வாசல் திண்ணையில் வைத்தேன். காலையில் தெர்மாமீட்டரில் 3 டிகிரி. தேங்காய் எண்ணெய் கல். பாட்டிலைக் கவிழ்த்தாலும் அசையவில்லை. கடலை எண்ணெய் கலங்கி மோர் போல இருக்கிறது. நல்லெண்ணெய் ஓடுகிறது.

மண்டபத்து_மருமகள் | ஜனவரி 11, காலை 7:40

அம்மாவிடம் போனில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். தேங்காய் எண்ணெய் கல்லாகும் என்பதை நம்பவே மாட்டேன் என்கிறார். போட்டோ எடுத்துப் போடுங்கள் அண்ணா.